பொருநைக்கரை எலும்புகளிடம் கேட்க வேண்டிய கேள்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருநை எனப்படும் தாமிரபரணியின் கரைத் தொன்மையைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைப்பில் கேட்டிருந்தீர்கள். நான் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியல் கற்பித்தவன். எலும்பை எடுத்துக் கையில் கொடுத்துப் பாடம் சொல்வதே என் தொழிலாக இருந்தது. ஆகவே ஆதிச்சநல்லூரின் பொன்னையும் வெண்கலத்தையும் இரும்பையும் பற்றிச் சொல்ல வேண்டியதை அவற்றைக் கற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அந்தப் பொருள்களோடு ஈமத்தாழிக்குள் இருந்த மனிதர்களைப் பற்றி மட்டும் இன்று பேச விரும்புகிறேன். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? எந்த நோயால் துன்பப்பட்டார்கள்? என்ன வேலை செய்து எந்த மூட்டு தேய்ந்தது? அவர்களின் பிள்ளைகள் எந்த வயதில் பசியோடு இருந்தார்கள்?

இத்தகைய கேள்விகளைத் தென்னாசியா முழுவதும் கேட்டுக்கொண்டே வாழ்ந்தவர் கென்னத் ஏ. ஆர். கென்னடி என்ற மானிடவியலர். அவருடைய ஆய்வு வாழ்க்கையைத் துணையாகக் கொண்டு நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்த எலும்புகளிடம் ‘நீ எந்த இனம்?’ என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு எலும்பால் நேர்மையான பதில் தர இயலாது. ‘நீ எப்படி வாழ்ந்தாய்?’ என்று கேட்டால் அது விரிவாகப் பதில் சொல்லும். அந்தக் கேள்வியை இந்தப் பள்ளத்தாக்கின் மக்களாகிய நாமே கேட்க வேண்டும்.

பறம்பும் தலையளவும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், கருங்குளத்தைத் தாண்டி, ஆற்றின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. ஏறத்தாழ 114 ஏக்கர். 1876-இல் பெர்லினைச் சேர்ந்த யாகோர் இங்கே தோண்டித் தாழிகளையும் பொருள்களையும் ஜெர்மனிக்கு எடுத்துச் சென்றார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்கள், விலங்கு உருவங்கள் அமர்ந்த மூடிகளுடன் கூடிய வெண்கலக் கலங்கள், இரும்பு வாள்கள், ஈட்டிகள் என அவர் திரட்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1915-இல் அவற்றின் பட்டியல் நூலாக வந்தது. ரீ அகழ்ந்த அதே காலத்தில் பிரான்சிலிருந்து லூயி லாப்பிக் வந்து தோண்டினார். பின்னாளில் நரம்பியல் ஆய்வுக்காகப் பெயர் பெற்ற உடலியலாளர் இவர். தென்னிந்தியாவுக்கு அவர் வந்ததோ இனங்களைத் தேடி.

1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக ‘ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள்’ என்ற ஆய்வு வெளிவந்தது. எழுதியவர் சாலி சுக்கர்மேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகராக உயர்ந்தவர். கிராஃப்டன் எலியட் ஸ்மித்தின் குறிப்பும் அதில் சேர்ந்திருந்தது. 1963-இல் சாட்டர்ஜி, குப்தா ஆகியோரின் அறிக்கை வந்தது. இந்த ஆய்வாளர்கள் எல்லாரும் கவனமாக உழைத்தவர்கள். ஆனால் அவர்கள் காலத்தின் கேள்வி ஒன்றுதான்: மண்டையோட்டின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, அந்த விகிதத்தை வைத்து இவர் எந்த இனப்பெட்டியில் அடங்குவார்?

கேள்வி குறுகினால் சேகரிப்பும் குறுகும். தலையை அளப்பதுதான் நோக்கம் என்றால் உடையாத மண்டையோடு போதும். விலா எலும்பு தேவைப்படாது, பாத எலும்பு தேவைப்படாது, உதிர்ந்து கிடக்கும் பல்லை மண்ணோடு தள்ளிவிடலாம். ஒரு மனிதரின் உணவும் நோயும் உழைப்பும் பதிந்திருப்பது பெரும்பாலும் இப்படித் தள்ளப்பட்ட பகுதிகளில்தான்.

தலையளவின் அடித்தளமே உறுதியானது அல்ல என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது. ஃபிரான்ஸ் போவாஸ் அமெரிக்காவில் குடியேறியவர்களையும் அங்கே பிறந்த அவர்களின் பிள்ளைகளையும் அளந்து, ஒரே தலைமுறையில் தலையின் வடிவம் மாறுவதை 1912 வாக்கிலேயே காட்டினார். இருந்தும் பழக்கம் விடவில்லை. கொந்தகை அகழாய்வில் கிடைத்த மண்டையோட்டுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் அமைத்துக் காட்டியபோதும், பார்த்தவர்களில் பலர் முதலில் கேட்டது ‘இது எந்த ஊர் முகம்?’ என்றுதான். முகத்தின் மீதான ஆர்வம் இயல்பானது. அதோடு நின்றுவிடுவதுதான் நமக்கு நட்டம்.

கென்னடியின் பாதை

கென்னடி 1930-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்தார். பெர்க்லியில் தியோடர் மெக்கவுனின் மாணவர். 1962-இல் முனைவர் பட்டம் பெற்றார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது இலங்கையின் தொல்மாந்த எலும்புகளை. புணே டெக்கான் கல்லூரியினர் குஜராத்தின் லங்னாஜிலும் மகாராஷ்டிரத்தின் நெவாசாவிலும் அகழ்ந்தெடுத்தவையும் அவர் கைக்கு வந்தன. 1964 முதல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். தடயவியல் மானிடவியலராகவும் பணியாற்றினார். அடையாளம் தெரியாத ஓர் உடலின் எலும்பைப் பார்த்து, ஆணா பெண்ணா, வயது என்ன, என்ன காயம், எப்போது ஆறியது என்று காவல்துறைக்குச் சொல்லும் வேலை அது. 2000-இல் தென்னாசியத் தொல்மாந்தரைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 2014-இல் மறைந்தார்.

தடயவியல் பயிற்சியே அவருடைய பலம் என்பது என் கருத்து. நீதிமன்றத்தில் நிற்கப் போகும் ஒருவர், எலும்பு சொல்லாத எதையும் சொல்ல முடியாது. அந்தக் கட்டுப்பாட்டை அவர் ஐயாயிரம் ஆண்டுப் பழைய எலும்புகளுக்கும் பொருத்தினார். இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

மொகஞ்சதாரோவின் மேல் அடுக்குகளில் சிதறிக் கிடந்த எலும்புக்கூடுகளைக் கண்ட தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், ஆரியர் படையெடுப்பில் நடந்த படுகொலை என்று 1947-இல் எழுதினார். இந்திரனே குற்றவாளி என்றார். பாடநூல் வரைக்கும் அது போயிற்று. 1964-இல் ஜார்ஜ் டேல்ஸ், அந்த எலும்புகள் ஒரே காலத்தவை அல்ல என்று தொல்லியல் சான்றுகளால் மறுத்தார். கென்னடி எலும்புகளையே எடுத்துப் பார்த்தார். வெட்டுக்காயம் என்று சொல்லத்தக்கது ஓரிரண்டு பேரிடம்தான். அதிலும் ஒன்று, இறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஆறிப்போன காயம். படுகொலை நடந்திருந்தால் எலும்பில் இருந்திருக்க வேண்டிய தடயம் அங்கே இல்லை. ஆனால் அவர் வேறொன்றைக் கண்டார். சில மண்டையோடுகள் தடித்து, மேற்பரப்பு கடற்பஞ்சு போலத் துளை துளையாக இருந்தன. நெடுநாள் ரத்தசோகையின் அடையாளம் இது. மலேரியாவும் அதோடு சேர்ந்து வரும் பரம்பரை ரத்தசோகையும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் கருதினார். வீலர் எதிரிப் படையைத் தேடிய இடத்தில் கென்னடி கண்டது கொசுவை!

இரண்டாவது எடுத்துக்காட்டு கங்கைச் சமவெளியிலிருந்து. அங்கே வேட்டையாடி வாழ்ந்த இடைக்கற்கால மக்களின் முன்கை எலும்பை அவர் ஆராய்ந்தார். முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. முழங்கைக்குச் சற்றுக் கீழே அதன் வெளிப்பக்கத்தில் ஒரு சிறு வரம்பு உண்டு. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் தசை அங்கேதான் பற்றியிருக்கிறது. நம்மில் பலருக்கு அது கையால் தடவினால்தான் தெரியும் அளவுக்கு மெலிந்திருக்கும். அந்த வேட்டைக்காரர்களில் சிலருக்கு அது கத்தி முனை போலப் புடைத்து, அருகில் குழி விழுந்திருந்தது. முழங்கையை நீட்டிச் சுழற்றி எறியும் செயலைப் பல்லாண்டு செய்தால் இப்படி ஆகும். ஈட்டி எறிந்த கை என்று கென்னடி 1983-இல் எழுதினார். உழைப்பு எலும்பில் எழுதிவைக்கும் இத்தகைய குறிகளைத் தொகுத்து ஒரு தனித்துறையாகவே வளர்த்தார்.

ஆதிச்சநல்லூரில் ஈட்டி கிடைத்திருக்கிறது. ஈட்டி எறிந்தவரின் அல்னாவை யார் பார்த்தார்கள்? ஆற்றங்கரையில் நாற்று நட்ட பெண்ணின் இடுப்புத் தண்டெலும்பை யார் பார்த்தார்கள்? குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடுப்பூதியவரின் கணுக்கால் மூட்டில் விழுந்திருக்கக்கூடிய தேய்முகத்தை யார் தேடினார்கள்?

எதிர்க்கரைத் தாழிகள்

கென்னடி நம் பக்கமும் வந்தார். தென்னிந்திய, இலங்கைப் பெருங்கற்கால மக்களின் உடற்கூறு குறித்த அவருடைய நூல் 1975-இல் வந்தது. ‘பெருங்கற்கால இனம்’ என்று தனியே ஓர் இனம் இல்லை, பெருங்கற்கால அடக்க முறையைக் கைக்கொண்டவர்கள் பலவகை உடலமைப்பினர் என்பது அவர் கண்ட முடிவு. இன ஆராய்ச்சிக்கு அவர் வைத்த முற்றுப்புள்ளி அது என்று கொள்ளலாம்.

மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையில், புத்தளம் மாவட்டத்தில், பொம்பரிப்பு என்ற இடத்தில் தாழிக்காடு ஒன்று இருக்கிறது. ஆதிச்சநல்லூரோடு ஒப்பிட்டுப் பேசப்படும் இடம். அங்கே 1970-இல் விமலா பெக்லி அகழ்ந்தார். எலும்புகளைக் கென்னடியும், பற்களை ஆராய்வதில் பின்னாளில் உலகப் பெயர் பெற்ற ஜான் லூக்காச்சும் ஆய்ந்தார்கள். மூவர் பெயரிலும் அறிக்கை வந்தது. இந்தக் கூட்டணியைக் கவனியுங்கள். தோண்டியவர், எலும்பு பார்த்தவர், பல் பார்த்தவர் என மூவரும் ஒரே அறிக்கையில்.

தாழி எலும்பு பார்ப்பது எளிய வேலை அல்ல. உடலை அப்படியே மடக்கி வைத்த தாழியும் உண்டு. வேறிடத்தில் சதை நீங்கிய பின் எலும்பைப் பொறுக்கி வைத்த தாழியும் உண்டு. ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களும் இருப்பார்கள். மழையில் மண் இறங்கி, எலும்பு நொறுங்கி, எல்லாம் ஒன்றாகக் கட்டிப்போயிருக்கும். ஆய்வாளர் முதலில் செய்ய வேண்டியது ஆள் கணக்கு. உள்காது அமைந்திருக்கும் பொட்டெலும்புப் பகுதி உடலிலேயே கடினமான எலும்பு. இடப்பக்கத்துப் பொட்டெலும்பு இரண்டு கிடைத்தால் குறைந்தது இருவர். முளைக்காத பால்பல் ஒன்று கிடைத்தால் அங்கே ஒரு குழந்தையும் இருக்கிறது. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஒரு தாழியில் இருந்தால் அது குடும்பமா, கொள்ளைநோயா, தலைமுறை தலைமுறையாகத் திறந்து மூடிய கல்லறையா என்ற கேள்வி அடுத்து வரும். 2004-05-இல் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை ஆதிச்சநல்லூரில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தாழிகளை வெளிக்கொணர்ந்தபோது, உடலை மடக்கி வைத்தது, எலும்பைப் பொறுக்கி வைத்தது என இரண்டு வகை அடக்கமும் அங்கே தெரிந்தன.

பல் ஒரு நாட்குறிப்பு

உடலின் எலும்புகள் வாழ்நாள் முழுவதும் தேய்ந்து புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பல்லின் எனாமல் அப்படி அல்ல. ஒருமுறை படிந்தால் படிந்ததுதான். கோரைப்பல்லின் தலைப்பகுதி குழந்தையின் முதல் ஆண்டு தொடங்கி ஆறு வயது வாக்கில் முடியும். அந்தக் காலத்தில் குழந்தைக்குக் கடும் காய்ச்சலோ பட்டினியோ வந்தால் எனாமல் படிவது சில வாரம் தடைப்படும். உடல் தேறியதும் மீண்டும் தொடங்கும். தடைப்பட்ட இடத்தில் குறுக்காக ஒரு பள்ளக்கோடு நின்றுவிடும். பல்லைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணுக்கே தெரியும், நகத்தால் வருடினால் தட்டுப்படும். பல்லின் முனையிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தால் எந்த வயதில் அந்தத் துன்பம் வந்தது என்று கணிக்கலாம். ஒரே உயரத்தில் பலருடைய பல்லில் கோடு விழுந்திருந்தால், தாய்ப்பால் நிறுத்திய வயதா, அந்த வயதில் வரும் வயிற்றுப்போக்கா என்று கேட்கலாம். ஐம்பது வயதில் இறந்தவரின் வாயில் அவருடைய மூன்று வயதுப் பசி அப்படியே இருக்கிறது.

சொத்தைப் பல் இன்னொரு சாட்சி. மாவுச்சத்து மிகுந்த, வேகவைத்துக் குழைந்த, வாயில் ஒட்டும் உணவு கூடக்கூடச் சொத்தையும் கூடும். வேட்டையாடிகளிடம் அது குறைவு, உழவர்களிடம் அதிகம். லூக்காச் ஹரப்பா எலும்புகளில் இதை ஆராய்ந்தபோது ஒரு சிக்கலைத் தீர்த்தார். சொத்தையால் விழுந்துவிட்ட பல் கணக்கில் வராது, ஆகவே உண்மையான நோயின் அளவு குறைத்துத் தெரியும். விழுந்த பல்லில் எத்தனை சொத்தையால் விழுந்திருக்கும் என்று திருத்திக் கணிக்கும் முறையை அவர் வகுத்தார்.

அவருடைய அடுத்த கண்டுபிடிப்பு பெண்களைப் பற்றியது. உழவு வந்த பின் சொத்தை இருபாலருக்கும் கூடியது. பெண்களுக்கு மிகுதியாகக் கூடியது. சமையல் செய்யும்போது அடிக்கடி எடுத்து வாயில் போட்டுக்கொள்வதுதான் காரணம் என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். லூக்காச் 2008-இல் வேறு விளக்கம் தந்தார். உழவு வாழ்க்கையில் பிறப்பு விகிதம் உயர்ந்தது. அடுத்தடுத்துக் கருவுறும்போது உமிழ்நீரின் அளவும் தன்மையும் மாறும், உண்ணும் விருப்பங்களும் மாறும், பல் பாதிக்கப்படும். ‘பிள்ளைக்கு ஒரு பல்’ என்று கிராமத்துத் தாய்மார்கள் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். சோறு பெருகியதற்கான விலையைப் பெண்கள் தங்கள் உடலால் கொடுத்தார்கள் என்பது அவர் ஆய்வின் சாரம். பொருநைக்கரையில் நெல் பெருகிய வரலாற்றைப் பெருமையோடு எழுதும் நாம் இந்தப் பக்கத்தையும் எழுதக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பல்லில் படியும் காரையையும் இன்று விடுவதில்லை. ஹரியானாவின் ஃபர்மானாவில் சிந்துவெளிக் காலத்துப் பல்காரையிலும் சமையல் கலத்திலும் மஞ்சள், இஞ்சியின் மாவுத்துகள்களை அருணிமா கஷ்யப்பும் ஸ்டீவ் வெபரும் கண்டறிந்தார்கள். எலும்பு கிடைத்ததும் அதைப் பளிச்சென்று கழுவிப் பிரஷ் போட்டுத் தேய்க்கும் வழக்கம் இருக்கிறதே, அது இந்தச் சாட்சியை அழித்துவிடும்.

எலும்பில் தங்கும் நோய், தங்காத நோய்

எல்லா நோயும் எலும்பில் பதிவதில்லை. காலரா இரண்டே நாளில் உயிரை எடுத்துக்கொண்டு போய்விடும். எலும்பு அப்படியே இருக்கும். அம்மையும் பெரும்பாலும் அப்படியே. நீண்டநாள் உடலில் தங்கும் நோய்தான் எலும்பைத் தொடும். காசநோய் முதுகெலும்பை அரித்துக் கூனாக்கும். தொழுநோய் மூக்கின் அடியெலும்பையும் விரல் நுனிகளையும் கரைக்கும். ராஜஸ்தானின் பாலாத்தலில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதரின் எலும்பில் தொழுநோய் இருந்ததைக் க்வென் ராபின்ஸும் அவருடன் ஆய்ந்தோரும் 2009-இல் அறிவித்தார்கள்.

இதில் மருத்துவ மாணவர்கள் மறக்கக்கூடாத ஒரு நுட்பம் இருக்கிறது. எலும்பில் நோய்த்தழும்பு இருக்கிறது என்றால், அந்த நோயோடு அவர் போதுமான காலம் வாழ்ந்திருக்கிறார் என்று பொருள். பலவீனமானவர் தழும்பு விழும் முன்பே இறந்திருப்பார். அவருடைய எலும்பு மாசுமருவற்று இருக்கும். 1992-இல் ஜேம்ஸ் வுட்டும் அவருடைய குழுவினரும் இந்த முரணை எடுத்துச் சொன்ன பிறகு, ‘தழும்பு குறைவு, ஆகவே மக்கள் நலமாக இருந்தார்கள்’ என்று ஒரே வீச்சில் எழுதுவதை ஆய்வுலகம் நிறுத்திக்கொண்டது. தழும்பு ஏறிய எலும்பைப் பார்த்தால், இவரை யாரோ பராமரித்திருக்கிறார்கள், கஞ்சி கொடுத்திருக்கிறார்கள், எழுப்பி உட்காரவைத்திருக்கிறார்கள் என்றும் எண்ண வேண்டும்.

நம் பள்ளத்தாக்குக்கு நோயின் வரலாறு புதியது அல்ல. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொடிய காய்ச்சலைப் பற்றி வில்லியம் ஐன்ஸ்லி உள்ளிட்ட மருத்துவர் குழு அறிக்கை எழுதியிருக்கிறது. விட்டு விட்டு வந்த முறைக்காய்ச்சல் அது. அந்தக் காலத்துக்கு நமக்குக் காகிதச் சான்று உண்டு. தாழி காலத்துக்குக் கண்குழியின் கூரை மட்டுமே சான்று. நெடுநாள் ரத்தசோகை உள்ள குழந்தையின் கண்குழிக் கூரையில் ஊசியால் குத்தினாற்போல் நுண்துளைகள் விழும். தேங்கிய நீர், வயல், கொசு, காய்ச்சல் என்ற சங்கிலி இந்த ஆற்றங்கரையில் எப்போது தொடங்கியது என்று தேட வேண்டுமானால் அங்கேதான் தொடங்க வேண்டும்.

தாழியில் வைத்த நெல்

இதே பள்ளத்தாக்கின் சிவகளையில் கிடைத்த தாழி ஒன்றிலிருந்து எடுத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்ததை 2021 செப்டம்பரில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆதிச்சநல்லூர் மாதிரிகளுக்கு கி.மு. 905, 791 என்ற காலக்கணிப்புகள் 2019-இல் வெளிவந்தன. நூறாண்டுக்கு முன்பே ரீ, பறம்பின் கலங்களில் நெல் உமியையும் சிறுதானிய உமியையும் கண்டு குறித்திருக்கிறார். இவை பெருமைக்குரிய செய்திகள். நான் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். தாழியில் நெல் வைத்தவர்கள் அன்றாடம் நெல்லுச்சோறு சாப்பிட்டார்களா?

இறந்தவருக்கு வைப்பது வேறு, இருப்பவர் தின்பது வேறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் கம்பும் சோளமும் அன்றாடச் சாப்பாடாக இருந்து, நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் கிடைத்த காலம் நம் பெற்றோர் நினைவில் இருக்கிறது. வாய்க்கரிசி போட அரிசிதான் வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். அன்று இறந்தவரின் வாயை மட்டும் பார்த்து அவர் வீட்டு உணவை முடிவுசெய்தால் தவறிவிடுவோம். தாழி நெல்லிலும் அதே எச்சரிக்கை வேண்டும். நெல் விளைந்தது என்பதற்கு உமி சான்று. நெல் உண்டார்கள் என்பதற்கு உடல்தான் சான்று.

அந்தச் சான்றை எடுக்க வழி இருக்கிறது. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை இரண்டு வகை. நெல், பயறு, உளுந்து, வாழை, பனை ஒரு வகை. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, சாமை, வரகு மற்றொரு வகை. இரண்டு வகையிலும் கார்பனின் எடைமிகுந்த அணுக்கள் சேரும் விகிதம் வேறு. அந்த விகிதம் உண்பவரின் பல்லுக்குள் போய்த் தங்குகிறது. ஆக, ஒரு பல்லிலிருந்து கொஞ்சம் எனாமல் பொடி எடுத்து அளந்தால், அவர் வளர்ந்தது நெல்லிலா சிறுதானியத்திலா என்று அறியலாம். நைட்ரஜன் விகிதம் மீனும் இறைச்சியும் எவ்வளவு என்று காட்டும். கடலோரக் கொற்கைக்காரரும் மலையடிவார அம்பாசமுத்திரத்துக்காரரும் அதில் வேறுபட வேண்டும். ஸ்ட்ரான்சியம் அவர் குழந்தைப் பருவத்தில் எந்த மண்ணின் தண்ணீரைக் குடித்தார் என்று காட்டும். முதல் கடைவாய்ப்பல் பிறந்ததும் உருவாகத் தொடங்குகிறது, ஞானப்பல் பத்து வயதை ஒட்டி. ஒரே வாயிலிருந்து இந்த இரண்டு பல்லையும் எடுத்து ஒப்பிட்டால், பொதிகை அடிவாரத்தில் பிறந்து கடற்கரையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணை அடையாளம் காணக்கூட வழியுண்டு.

நம் வெயிலிலும் மழையிலும் இது நடக்குமா என்று கேட்பீர்கள். நைட்ரஜனை அளக்கத் தேவையான, எலும்பின் கொலாஜன் என்ற புரதம் எளிதில் அழிந்துவிடும் என்பது உண்மை. ஆகவே நைட்ரஜன் கிடைப்பது அரிது. மரபணுவும் அப்படித்தான். சிந்துவெளி நகரமான ராக்கிகர்ஹியின் ஆய்வில் அறுபதுக்கு மேற்பட்ட மாதிரிகளை முயன்று, ஒரே ஒருவரிடமிருந்துதான் போதுமான மரபணு கிடைத்தது என்று 2019-இல் எழுதினார்கள். ஆனால் எனாமல் தாங்கும். இலங்கையின் மழைக்காட்டுக் குகைகளில் கிடைத்த பற்களின் எனாமலை ஆராய்ந்து, அந்த மக்கள் பல்லாயிரம் ஆண்டு காட்டு உணவிலேயே வாழ்ந்தார்கள் என்று பேட்ரிக் ராபர்ட்ஸும் அவர் குழுவினரும் 2015-இல் காட்டினார்கள். அந்தக் குகைகளில் சிலவற்றின் எலும்புகளைச் சிரான் தெரணியகலவோடு சேர்ந்து 1980-களில் ஆராய்ந்தவர் கென்னடி. அவர் காலத்தில் இல்லாத கருவியால், அவர் கேட்ட கேள்விக்கு அடுத்த தலைமுறை பதில் கண்டது. எலும்பும் பல்லும் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அது நடந்தது.

நாம் செய்ய வேண்டியவை

இதைச் சொல்லிவிட்டு வெறுமனே இறங்கிப் போக எனக்கு மனம் இல்லை. நான்கு வேண்டுகோள்களை இந்த அவைமுன் வைக்கிறேன்.

முதலாவது, தாழியைத் திறக்கும்போதே எலும்பு படித்தவர் குழியருகே இருக்க வேண்டும். தாழிக்குள் இருக்கும் மண் முழுவதையும் சலிக்க வேண்டும். பால்பல் அரிசி அளவுதான் இருக்கும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கழுவுவதற்கு முன் பல்காரையை எடுத்துத் தனியே வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு எலும்புக்கும் ஒவ்வொரு பல்லுக்கும் எண் வேண்டும், பதிவேடு வேண்டும். பொன் நெற்றிப்பட்டத்துக்கு இருக்கும் பட்டியல் நொறுங்கிய விலா எலும்புக்கும் இருக்க வேண்டும். ஈரப்பதம் கட்டுப்படுத்திய காப்பறை ஒன்று இந்தப் பள்ளத்தாக்கிலேயே அமைய வேண்டும். மாதிரி எடுத்தால் அந்தப் பகுதி திரும்ப வராது. ஆகவே படமும் அளவும் அச்சும் எடுத்த பிறகே பொடி எடுக்க வேண்டும்.

மூன்றாவது, மருத்துவமும் தொல்லியலும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அன்றிலிருந்து இங்கே உடற்கூறியல் கற்பிக்கப்படுகிறது. எக்ஸ்ரே இருக்கிறது, சி.டி. ஸ்கேன் இருக்கிறது, எலும்பு முறிவையும் காசநோயையும் தினம் பார்க்கும் கண்கள் இருக்கின்றன. மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுவியல் துறையினர் கொந்தகை எலும்புகளில் உழைத்துவருகிறார்கள். அதுபோன்ற முயற்சி இங்கேயும் வேரூன்ற வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய மக்களின் பல்லும் தேவை. பல் மருத்துவமனைகளில் பிடுங்கிய பற்கள் குப்பைக்குப் போகின்றன. உரியவரின் இசைவோடு, பெயரை விலக்கி, ஊரையும் வளர்ந்த உணவையும் மட்டும் குறித்துக்கொண்டு அவற்றைச் சேர்த்தால், அம்பாசமுத்திரம் முதல் புன்னைக்காயல் வரையிலான அடிப்படை அளவுகள் நமக்குக் கிடைக்கும். கம்பஞ்சோறு தின்று வளர்ந்த தலைமுறை மறைவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

நான்காவது மரியாதை. அவை மனிதர்கள். அழுது, தூக்கிக்கொண்டு வந்து, பிடித்த பாத்திரத்தையும் ஒரு பிடி நெல்லையும் உடன்வைத்து அடக்கம் செய்யப்பட்டவர்கள். மண்டையோட்டைக் கையில் ஏந்திப் படம் எடுப்பதும் கண்காட்சிப் பொருளாக வேடிக்கை காட்டுவதும் வேண்டாம். பறம்பைச் சுற்றி வாழும் ஊர்க்காரர்களுக்கு ஆய்வின் முடிவு முதலில் தெரிய வேண்டும், அவர்கள் மொழியில் தெரிய வேண்டும்.

மாணவர்களே, கென்னடி ஓக்லாந்தில் பிறந்து இந்தக் கடலோரத்து எலும்புகளுக்காக வாழ்நாளைச் செலவிட்டார். அவருக்குக் கிடைக்காத வசதிகள் உங்களுக்கு இருக்கின்றன. கார் சாகுபடியும் பிசான சாகுபடியும் உங்களுக்குத் தெரியும். எந்தக் குளத்தில் என்ன மீன், எந்த மாதத்தில் எந்த வீட்டில் காய்ச்சல் என்று உங்கள் ஆச்சிமார் சொல்லித்தந்திருக்கிறார்கள். வெளியூர் ஆய்வாளர் பத்து ஆண்டு கழித்துக் கேட்கும் கேள்வியை நீங்கள் முதல் நாளே கேட்க முடியும். நெல்லை உண்டாக்கியவர்கள் யார் என்பதோடு நில்லாமல், அந்த நெல் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். ஆண் பல்லையும் பெண் பல்லையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பொன் பட்டத்தோடு அடக்கம் செய்யப்பட்டவரையும் வெறும் மண்சட்டியோடு அடக்கம் செய்யப்பட்டவரையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். இந்தப் பள்ளத்தாக்கின் உண்மையான சமூக வரலாறு அந்த ஒப்பீட்டிலிருந்துதான் எழுதப்படும். அதை எழுதப் போகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.